டாக்டர் ஹால்வர்சனின் மூக்கு

திரை முழுக்க மூக்கு இருந்தது. மூக்கைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். ஏப்ரனில் கிரீம் படாத ஒரு இடத்தைத் தேடித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மூக்கேதான். நல்ல மூக்கு, குறை சொல்ல முடியாது. நேரான தண்டு, அளவெடுத்து வெட்டியது போல இரண்டு துவாரங்கள், ஓரமாகக் கன்னத்தின் ஒரு கீற்று. ஆனால் கண், வாய், காது, தலைமுடி என்று ஒரு மனிதனுக்கு வழக்கமாக இருக்கக்கூடிய மற்றச் சாமான்கள் எதையும் காணோம்.

கேக் தயாராக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய செவ்வகக் கேக். மேலே வெள்ளைக் கிரீம் பூசி, சுற்றிலும் நீல ரோஜா வைத்து, கீழே 'நன்றி, டாக்டர்' என்று எழுதி, நடுவில் படத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். படத்தைத் தின்னக்கூடிய சர்க்கரைத் தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கிளினிக்கிலிருந்து வந்த மின்னஞ்சலில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 'டாக்டர் ஹால்வர்சன் ஓய்வு பெறுகிறார். அனுப்பியிருக்கும் படத்தை நடுவில் பெரிதாகப் போடவும். பார்த்ததும் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இப்படிக்கு, கொரீன், வரவேற்பு.'

"கர்ட்," என்று மார்லிஸ் குரல் கொடுத்தாள். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. டாக்டரோட முகத்தைக் காணோம்."

கர்ட் கடையின் மேனேஜர். மினசோட்டாவில், ஏரிக்கரை ஊரான டுலூத்தின் இந்தக் கடையில் மார்லிஸ் கேக் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அந்தத் திரையை வாங்கியது அவன்தான். கேக் பிரிவில் அதுவரை இருந்தது தொட்டி மாதிரி ஒரு பழைய மானிட்டர். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புள்ளிகள் நெருக்கமாக நிறைந்த, பளபளக்கும் இந்தப் புதியதை முந்தாநாள் மாட்டிவிட்டுப் போனான். மாட்டிய நிமிடத்திலிருந்து போட்டோ சாப்ட்வேரின் எழுத்துகள் எல்லாம் எறும்பாகிவிட்டன. பட்டன்கள் எறும்பின் முட்டையாகிவிட்டன.

கர்ட் வந்து, குனிந்து, மூக்கைப் பார்த்தான். மூக்கும் அவனைப் பார்த்தது.

"ஸ்கேலிங்," என்றான்.

"அப்படின்னா?"

"திரை புதுசு, சாப்ட்வேர் பழசு. இதுல எவ்வளவு புள்ளி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால படத்தோட நடுவை மட்டும் எடுத்துக் காட்டுது. மிச்ச முகம் இந்த ஓரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

அவன் திரையின் சட்டத்துக்கு வெளியே சுவரைக் காட்டினான். மார்லிஸ் தன்னையறியாமல் சுவரைப் பார்த்தாள்.

"எழுத்து மட்டும் எறும்பு மாதிரி இருக்கே. அப்ப மூக்கு எப்படி இவ்வளவு பெருசாச்சு?"

"அதுவும் ஸ்கேலிங்தான்," என்றான் கர்ட்.

பக்கத்தில் கறி வெட்டும் பிரிவிலிருந்து லவான் எட்டிப் பார்த்தாள். லவானுக்கும் மார்லிஸுக்கும் இடையே ஒரு கண்ணாடித் தடுப்பும் இருபது வருஷப் பேச்சும் இருந்தன. "என்னடி, சனிக்கிழமையும் அதுவுமா ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"டாக்டர் மூக்கு வந்திருக்கு. மிச்சம் வரலை."

"வந்தவரைக்கும் வெச்சுக்கோ," என்றாள் லவான்.

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் கர்ட் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கே உரிய அந்த இதமான குரலில் விஷயத்தைச் சொல்லியிருந்தான். மேலிடத்தில், கேக்கை மினியாபொலிஸ் தொழிற்சாலையில் இருந்து உறையவைத்து வரவழைத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். கிளினிக் ஆர்டர் நன்றாக அமைந்தால், இங்கேயே செய்வதுதான் நல்லது என்று தான் எடுத்துச் சொல்ல முடியும். அமையாவிட்டால் மார்லிஸுக்கு வேலை போகாது. லவான் பக்கத்தில் நின்று பன்றிக்கறி ஹாம் வெட்டலாம்.

"ஹாம் வெட்டறது அவ்வளவு கேவலமா போச்சா உனக்கு?" என்று லவான் அன்று கேட்டாள்.

"கேவலம் இல்லைடி. ஹாம் மேல ரோஜாப்பூ போட முடியாது."

கர்ட் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இதைச் சரி பண்ணிடலாம். எல்லாத்தையும் இரட்டிப்பாக்கினாப் போதும். எழுத்தும் தெரியும், சாப்ட்வேருக்கும் புத்தி வரும்."

எங்கேயோ போய் எதையோ அழுத்தினான். திரை ஒரு நொடி கறுத்து மீண்டது. எழுத்துகள் எல்லாம் குழந்தைகள் புத்தகத்தில் இருப்பது போலப் பெரிதாகிவிட்டன. மார்லிஸுக்கு நிம்மதி வந்தது. பிறகு படத்தைப் பார்த்தாள். முன்பு மூக்கு இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு துவாரம் இருந்தது.

"முன்னாடி மூக்காவது இருந்துச்சு," என்றாள்.

"பதறாதீங்க. படத்தோட அளவைக் குறைச்சிடலாம்."

அளவு கேட்கும் பெட்டியைத் திறந்தான். பெட்டியும் இரட்டிப்பாகியிருந்தது. அதன் தலை திரையின் மேல் விளிம்பில் தட்டி நிற்க, கால் திரையை விட்டுக் கீழே இறங்கி மேசைக்குள் போய்விட்டது. 'சரி' என்ற பட்டனும் 'வேண்டாம்' என்ற பட்டனும் அந்தக் காலில்தான் இருக்கும். பெட்டியை மேலே இழுத்தான், வரவில்லை. பக்கவாட்டில் இழுத்தான், போனது, ஆனால் கால் தெரியவில்லை.

"பரவாயில்லை. பட்டன் கண்ணுக்குத் தெரியலைன்னா என்டர் தட்டினாப் போதும்," என்றான். தட்டினான்.

துவாரம் சுருங்கி மூக்காயிற்று. மூக்கு இன்னும் சுருங்கிற்று. நான்கு பக்கமும் படத்தின் விளிம்பு தெரிந்தது. விளிம்புவரை மூக்குதான் இருந்தது.

மார்லிஸ் சுவரை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப முகம் சுவருக்குள்ள இல்லை," என்றாள் மார்லிஸ்.

"திறக்கும்போதே வெட்டிடுச்சு. பெரிய படம் இல்லையா, பழைய சாப்ட்வேரால முழுசையும் விழுங்க முடியலை. நடுவுல ஒரு வாய் கடிச்சிட்டு மிச்சத்தை விட்டுடுச்சு." சொல்லச் சொல்ல அவனுக்கே அதில் நம்பிக்கை வந்தது. "இருங்க, அச்சு அளவு என்ன காட்டுதுன்னு பாக்கறேன்."

அச்சுக்கான பெட்டியைத் திறந்தான். அதற்கும் கால் இல்லை. பார்த்து முடித்தவன், மூடுவதற்காகப் பழக்க தோஷத்தில் என்டரைத் தட்டினான். அச்சு இயந்திரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு சர்க்கரைத் தாளை உள்ளே இழுத்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றாள் மார்லிஸ். நிறுத்தும் பட்டனும் மேசைக்குள்தான் இருந்தது.

தாள் வெளியே வந்தது. சுருங்கியது திரையில் தெரிந்த மூக்கு மட்டும்தான் போலும். அச்சில் அது பழைய கம்பீரத்தோடு வந்திருந்தது. தாள் பற்றாததால் நடுவில் ஒரு துவாரம் மட்டும் அகலமாக, இருட்டாக விழுந்திருந்தது.

லவான் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். "மலையைக் குடைஞ்சு போட்ட ரோடு மாதிரி இருக்கு. எதிர்ப்பக்கம் வண்டி லைட்டுகூடத் தெரியுது." ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டாள். "வெனிலா."

"திங்காதடி. அது ஒருத்தரோட மூக்கு."

"அதுக்காகத் தூக்கியா போடறது?" என்று மிச்சத்தையும் சுருட்டி வாயில் வைத்தாள்.

மார்லிஸ் பெட்டியைத் திறந்து சர்க்கரைத் தாள்களைப் பார்த்தாள். அடியில் சொற்பம்தான் கிடந்தன. புதுப் பெட்டி திங்கட்கிழமைதான் வரும். சாதாரணத் தாளில் அடித்துப் பார்க்கலாம் என்றால், உணவு அச்சடிக்கும் இயந்திரத்தில் வேறு தாளை விடக் கூடாது என்று கர்ட்டே சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்.

"கிளினிக்குக்குப் போன் பண்ணி வேற படம் கேக்கறேன்," என்றாள்.

"கேளுங்க. ஆனா நம்ம திரை கடிச்சிடுச்சுன்னு சொல்ல வேண்டாம்," என்றான் கர்ட்.

கிளினிக்கில் எடுத்தது ஒரு நர்ஸ். கொரீன் இல்லை, விருந்து நடக்கும் மண்டபத்தில் பலூன் கட்டப் போயிருக்கிறாள். கைபேசியை இங்கேயே மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது.

"கேக் விஷயமாங்க? படம் வந்துச்சுல்ல?" என்று கேட்டாள் நர்ஸ்.

"வந்துச்சு, வந்துச்சு. ஒரு பகுதி ரொம்ப நல்லா வந்திருக்கு."

"கொரீன் சொல்லிட்டுப் போனாங்க. எதையும் மாத்த வேண்டாம், அனுப்பினதை அனுப்பினபடியே பெருசா போட்டாப் போதும்னு."

மார்லிஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அனுப்பினதை அனுப்பினபடியே போடணுமாம்."

"அது முடிஞ்சா இவ்வளவு பாடு எதுக்கு?" என்றான் கர்ட்.

மார்லிஸ் போனை மறுபடி காதில் வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். டாக்டர் பாக்க எப்படி இருப்பாரு? சும்மா, அலங்காரத்துக்காகக் கேக்கறேன்."

"நான் இங்க வந்தே ஒரு வாரம்தாங்க ஆகுது. எப்ப பார்த்தாலும் மாஸ்க் போட்டிருப்பாரு. உயரமா இருப்பாரு. கண்ணாடி."

"அதுக்கும் கீழ?"

"கீழ தெரியாதுங்க."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். முகம் தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் பிறந்தநாளும் கல்யாணமும் அவள் கையில் வந்து போகும். ஒரு பெயரில் ஓரெழுத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை. இப்போது ஒரு முழுத் தலையையே தவறவிட்டிருந்தாள்.

அப்போதுதான் லவானுக்கு ஞாபகம் வந்தது. "ஹால்வர்சன்னா அந்த மீன் பிடிச்ச ஹால்வர்சன்தானே? போன கோடையில பேப்பர்ல வந்தாரே. ஆளு உசரத்துக்கு ஒரு மீனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

தேடினார்கள். பத்திரிகையின் இணையப் பக்கத்தில் இருந்தார். படகில் நின்றுகொண்டு, கையில் மீனோடு, தொப்பியும் கண்ணாடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'டாக்டர் ஹால்வர்சனும் நண்பரும்' என்று போட்டிருந்தது. நண்பர் என்றது மீனைத்தான் என்று தோன்றியது. வேறு யாரும் படத்தில் இல்லை.

மார்லிஸ் படத்தை எடுத்துச் சாப்ட்வேரில் போட்டாள். பழைய தொட்டி மானிட்டராக இருந்திருந்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்திருக்கும். இந்தத் திரையில் அது தபால்தலை. அதில் டாக்டரின் முகம் ஒரு பட்டாணி. பட்டாணியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினாள். பெரிதாக ஆக முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண்ணாடி எது, கண் எது என்று தெரியவில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் தொப்பியின் நிழலும் பழுப்பாக ஒரு திட்டும் இருந்தன.

"யாரோ டாக்டரைக் கம்பளி நூல்ல பின்னின மாதிரி இருக்கு," என்றாள் லவான்.

"ஆனா மூக்கு மட்டும் நம்மகிட்ட தெளிவா இருக்கு," என்றாள் மார்லிஸ் மெதுவாக.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிற்பாடு யோசித்தபோது, எல்லாம் கைமீறிப் போனது அந்த இடத்தில்தான் என்று மார்லிஸுக்குத் தெரிந்தது. அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

மீன் படத்து முகத்தைக் கீழே ஒரு அடுக்காக வைத்தாள். மேலே இன்னொரு அடுக்காக மூக்கு. மூக்கைச் சுருக்கி, நகர்த்தி, பழுப்புத் திட்டின் மேல் பொருத்தினாள். கம்பளி முகத்தின் நடுவில் கண்ணாடிபோல் துல்லியமாக ஒரு மூக்கு உட்கார்ந்தது. தூரத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி, நல்லெண்ணத்தோடு பார்த்தால் ஒரு மனிதன் தெரிந்தான்.

"மூக்கு கொஞ்சம் நாசூக்கா இல்லை? இந்த முகத்துக்கு ஒட்டவே மாட்டேங்குது," என்றாள் மார்லிஸ்.

"ஸ்கேலிங்," என்றார்கள் கர்ட்டும் லவானும் ஒரே குரலில்.

இந்த முறை மார்லிஸ் திரையை நம்பவில்லை. கேக் வெட்டும் அளவுகோலை எடுத்து, திரைமேல் நேராக வைத்து, கேக்கில் விட்ட இடத்துக்குச் சரியாக முகம் இருக்கிறதா என்று அளந்தாள். மயிரிழை பிசகவில்லை. அச்சு கொடுத்தாள்.

தாளில் வந்தது டாக்டரின் ஒரு கண். அதன் பக்கத்தில், சரியாக வெட்டாமல் விட்டிருந்த மீனின் ஒரு கண். இரண்டும் ஒரே மாதிரி ஆச்சரியத்தோடு மார்லிஸைப் பார்த்தன.

"அளவுகோல் வெச்சு அளந்தேனே," என்றாள். 

"திரையில இருக்கற ஒரு அங்குலம் வேற, தாள்ல இருக்கற ஒரு அங்குலம் வேற," என்றான் கர்ட். "இந்த மாதிரி திரையில எல்லாரும் பண்ற தப்புதான்."

"இதை அளக்கறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

"நீங்க ரொம்ப நம்பிக்கையா அளந்தீங்க."

லவான் அந்தத் தாளை மடித்துக் கடித்தாள். "மீனும் வெனிலாதான்," என்று தகவல் சொன்னாள்.

பெட்டியில் இப்போது ஒரு தாள்தான் மிச்சம்.

மார்லிஸ் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அச்சு எவ்வளவு பெரிதாக வந்ததோ அந்தக் கணக்கில் முகத்தைச் சுருக்க வேண்டும். அளவுப் பெட்டியைத் திறந்து எண்ணைத் தட்டினாள். என்டர் போட்டதும் இன்னொரு பெட்டி வந்து ஏதோ ஒரு கேள்வி கேட்டது. கேள்வியின் முதல் வரி மட்டும் தெரிந்தது: 'எல்லா அடுக்குகளையும்'. மிச்சக் கேள்வி மேசைக்குள் போயிருந்தது.

"எல்லா அடுக்குகளையும் என்ன?" என்று கேட்டாள்.

"சுருக்கவான்னு கேக்கும்," என்றான் கர்ட்.

"அழிக்கவான்னு கேட்டா?"

கர்ட் யோசித்தான். "எதுக்கும் எஸ்கேப் தட்டுங்க. அது பத்திரம்."

தட்டினாள். பெட்டி போய்விட்டது. மூக்கும் முகமும் அழியாமல் இருந்தன. ஆனால் படம் திரையை விட்டு வழிந்ததால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. "முழுசா ஒரு தடவை பார்த்துட்டு அடிச்சிடலாம். நான் திரையைப் பழையபடி ஆக்கறேன்," என்று கர்ட் எட்டி, எல்லாவற்றையும் மறுபடி பாதியாக்கினான். எழுத்துகள் எறும்பாயின. படம் கட்டைவிரல் நகமாயிற்று. நகத்தில் ஒரு முகம், முகத்தில் ஒரு மூக்கு. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது; நகத்தில் எதுதான் சரியாக இருக்காது?

மார்லிஸ் கடைசித் தாளை விட்டாள்.

முகம் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுருங்கியிருந்தது. தனி அடுக்கில் இருந்த மூக்கு கேட்கவில்லை. பிஸ்கட் அளவு முகத்தில், நெற்றியில் தொடங்கித் தாடை தாண்டி இறங்கியது மூக்கு. இரண்டு பக்கமும் கண்ணாடியின் ஓரங்கள், பனியில் புதைந்த சைக்கிளின் கைப்பிடிபோல எட்டிப் பார்த்தன. இடது காது இருக்க வேண்டிய இடத்தில் மீன் வால்.

லவான்கூட இதைத் தின்னக் கேட்கவில்லை.

"இனி கிரீம்தான்," என்றாள் மார்லிஸ். தாளைக் கேக்கின்மேல் ஒட்டினாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை இனிமேல்தான் இருந்தது. மூக்கைச் சின்னதாகக் காட்ட, நீலக் கிரீமில் பெரிய கண்ணாடி ஒன்று வரைந்தாள். மூக்கு சின்னதாகத் தெரியவில்லை. மூக்குக்குக் கண்ணாடி போட்டது போலத் தெரிந்தது. துவாரங்கள் ரொம்ப முறைத்ததால் சாக்லேட் கிரீமில் மீசை வைத்தாள். மீசை வைத்ததும் கடற்சிங்கமாகிவிட்டார். மீன் வாலை மறைக்கப் பச்சை இலை ஒன்று பிழிந்தாள்; டாக்டர் காதில் செடி முளைத்தது.

"வித்தியாசமா இருக்கு," என்றான் கர்ட். மினசோட்டாவில் ஒருவர் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் திட்ட வார்த்தை இல்லை என்று அர்த்தம்.

"தெரியும்," என்றாள் மார்லிஸ்.

"பெட்டியை நல்லா மூடி டேப் போட்டுக் குடுத்துடலாம். அங்க போய்த் திறக்கட்டும். வண்டியில குலுங்கிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க."

"வண்டி குலுங்கினா காதுல செடி முளைக்குமா?" என்றாள் லவான்.

மார்லிஸ் டேப்பை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். "நான் மூடிக் குடுத்ததே கிடையாது, கர்ட். திறந்து காட்டித்தான் குடுப்பேன். ஹாம் வெட்டணும்னா வெட்டிக்கறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசல் கதவு தானாகத் திறந்து, ஏரிக் காற்றோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஏப்ரல் மாதம் என்பது ஏரிக்கு இன்னும் தெரியாது, பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோட்டு, கண்ணுக்குக் கீழே முழுக்கச் சுற்றிய மப்ளர், தோளில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பலூன் துண்டு.

"நான் கொரீன். கிளினிக்ல இருந்து வரேன். கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன், பரவாயில்லையா?"

 மார்லிஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

கொரீன் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். கேக்கைச் சுற்றி அந்தப் பக்கம் போய்த் தலைகீழாகவும் பார்த்தாள். மப்ளருக்கு மேலே இருந்த இரண்டு கண்களை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேடம், புதுத் திரையில ஒரு சின்ன ஸ்கேலிங்..." என்று கர்ட் ஆரம்பித்தான்.

"தப்பு என்னோடது," என்றாள் மார்லிஸ். "நீங்க அனுப்பின படத்துல முகத்தை நான் தொலைச்சுட்டேன். மூக்கை மட்டும்தான் காப்பாத்த முடிஞ்சுது. அதுக்கு முகம் வேணுமேன்னு பேப்பர்ல இருந்து டாக்டர் முகத்தை எடுத்து ஒட்டினேன். அது சின்னதாப் போச்சு. கண்ணாடியும் மீசையும் நான் வெச்சது. செடிக்குக் கீழ மீன் இருக்கு. பணம் வேண்டாங்க. வெறும் கேக்கா எடுத்துட்டுப் போகணும்னா, மேல இருக்கறதை வழிச்சுட்டு ரோஜாப்பூ போட்டுத் தரேன். கொஞ்ச நேரம்தான் ஆகும்."

கொரீனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாள் என்று நினைத்து லவான் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். கொரீன் அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி கேக்கைப் பார்த்தாள், மறுபடி குலுங்கினாள். கவுன்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் சிரிக்கிறாள் என்பது மூன்று பேருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"வழிக்காதீங்க," என்றாள், மூச்சு வந்ததும். "ஒரு ரோஜாகூட நகர்த்தாதீங்க. இதை அப்படியே எடுத்துட்டுப் போறேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிப்பாரு. எங்க கிளினிக்ல இன்னும் ரெண்டு டாக்டருங்க ரிட்டயர் ஆகப்போறாங்க. அவங்க கேக்கையும் நீங்கதான் செய்யணும்."

"மார்லிஸ்தான் செய்வாங்க," என்றான் கர்ட் உடனே. "இங்கேயேதான் செய்வாங்க. தொழிற்சாலைக் கேக்ல இதெல்லாம் வராதுங்க."

 ஆனால் மார்லிஸுக்கு மனசு ஆறவில்லை. "உங்களுக்குக் கோபம் இல்லையா? கடைசி நாள்ல ஒரு பெரிய மனுஷனோட மூக்கை இந்தப் பாடு படுத்தி வெச்சிருக்கேன்."

கொரீன் மப்ளரைக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, வெளிச்சம் படும்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள்.

"டாக்டர் மூக்கு நல்ல உருளைக்கிழங்குங்க, நான் அனுப்பினதே வெறும் மூக்குப் படம்தான், அதுவும் அவர் முதன்முதலா ஆபரேஷன் பண்ணி நேராக்கின என் மூக்கு."